வாழைத்தார் பக்கத்தில் வைத்த மல்லிகை

பழங்காநத்தத்தில் பூவும் பழமும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. என் மனைவி செல்விக்கு எதைப் பார்த்தாலும் கேள்விதான்.

"ஏங்க, வாழைத்தார் பக்கத்துல வச்ச மல்லி மட்டும் ஏன் வெரசா வாடுது?" என்று போன ஆவணியில் கேட்டாள். கடையில் முகூர்த்தக் கூட்டம்.

"முழம் எம்புட்டுன்னு கேக்குறவுகளுக்குப் பதில் சொல்லு, போதும். பெரிய விஞ்ஞானி!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை குனிந்து பூவை அளந்தாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு, முந்தின நாள் மாலையே கல்யாண மாலைகளையும் வாழைத்தார்களையும் வேனின் பின்பக்கம் ஒன்றாக அடைத்துப் பூட்டினேன். காலையில் அலங்காநல்லூர் மண்டபத்தில் திறந்தால், மணப்பெண்ணின் மாலை வாடிக் கிடந்தது. முன் சீட்டில் தனியாக வைத்த மல்லிகைச் சரப் பந்து மட்டும் அப்படியே இருந்தது. செல்வி கேட்டது அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பூவையும் பழத்தையும் தனித்தனியாக வைக்கிறேன். "நல்ல ரோசனைண்ணே!" என்று பக்கத்துக் கடைக்காரர் மெச்சினார். அது செல்வியின் யோசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் அங்கேதான் நின்றாள்.

நேற்று நானே கேட்டேன். "என்ன செல்வி, இப்பல்லாம் நீ ஒண்ணுமே கேக்குறதில்ல?"

"முழம் எம்புட்டுன்னு கேக்குறவுகளுக்குப் பதில் சொன்னாப் போதாதாங்க?"

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.