முக்காடு போட்ட நாற்காலி

கோல சிலாங்கூரில் பழைய சாமான் விற்பவரிடம் நான்கு நாற்காலி வாங்கினேன். மூடிப்போன சீனர் காப்பிக்கடை நாற்காலிகள். நல்ல மரம். ஒன்றைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அந்தக் கனத்துக்காகத்தான் வாங்கினேன். புதுக் கடைகளில் இருப்பதெல்லாம் கம்பிக் கால்.

என் அண்ணன் செரண்டாவில் இருக்கிறார். அப்போது மூன்று தீபாவளியாக எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தார். கடைசியாக வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். கொஞ்சம் பெரிய உடம்பு அவருக்கு. உட்கார்ந்தார். கால் விரிந்து நாற்காலி பிளந்தது. முறுக்குத் தட்டோடு தரையில் கிடந்தார். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊர் சிரித்ததை அவர் விட்டிருப்பார். தங்கச்சி சிரித்ததை விடவில்லை. அதற்குப் பிறகு தீபாவளிச் சேலை மட்டும் யார் கையிலாவது வரும். அவர் வர மாட்டார். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருத்தர்தான்.

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணி போன் போட்டார்.

"இந்தத் தடவ எப்படியாச்சும் கூட்டிட்டு வர்றேன். முட்டி வலி, தரையில உக்கார மாட்டாரு. பிளாஸ்டிக்குல சத்தியமா உக்கார மாட்டாரு. பாத்துக்க லா."

அதனால்தான் இந்த நாற்காலிகள்.

பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, பச்சைச் சாயம் அடித்தேன். எஸ்டேட்டில் இருந்தபோது லயத்து வீட்டுக் கதவுக்கு அப்படித்தான் அடிப்போம். கழுவு, அடி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கதவில் யாரும் உட்காருவதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

நான்கு நாள் ஆகியும் காயவில்லை. மழை மாதம் வேறு. தொட்டால் விரலோடு வந்தது. சாயக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். பழைய மெருகைத் தேய்த்து எடுத்தாயா என்றார். இல்லை என்றேன். பிறகு எப்படிப் பிடிக்கும் என்றார்.

அடித்ததை எல்லாம் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நாற்காலிக்கு நாலு கால், முதுகில் வளைவு, வளைவுக்குள் வளைவு. ஒரு வாரம் போனது. விரல் நுனி எரிந்தது, சோறு பிசைய முடியவில்லை. மறுபடி அடித்தேன். இந்தத் தடவை கையில் வரவில்லை. ஆனால் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் லேசாக ஒட்டியது.

சரி, உறை தைத்துப் போடலாம் என்று முடிவு செய்தேன். சாயம் யார் மேலும் ஒட்டாது. குழம்பு சிந்தினால் கழற்றித் துவைக்கலாம். துணிக்கடையில் சந்தன நிறத்தில் பருத்தித் துணி எடுத்தேன். கடைப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்து, அப்புறம் வெட்டுங்க, இல்லையென்றால் சுருங்கும் என்றாள். தலையை ஆட்டினேன். செய்யவில்லை.

நல்ல நாளுக்கு எடுத்த புதுத் துணியை நல்ல நாளுக்கு முன்னால் நனைப்பதா? எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை. ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, எடுத்து உடுத்துவோம். சேலைக்குப் பார்ப்பதை நாற்காலிக்கும் பார்த்தேன். தரை வரைக்கும் விழுகிற மாதிரி நான்கு உறை தைத்தேன். நான்கிலும் மஞ்சள் வைத்தேன். போட்டுப் பார்த்தேன். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் என் கணவர் வேலை முடிந்து வந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அந்த உடுப்போடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொன்றில் காலைத் தூக்கிப் போட்டார். மூன்றாவதில் சோற்றுப் பையை வைத்தார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் மூன்றும் கறுப்பு.

"கண்ணு எங்க இருந்துச்சு?" என்றேன்.

"நாற்காலின்னா உக்காரத்தான? பூசை பண்ணவா?"

மூன்றையும் கழற்றிச் சோப்புத்தூளில் போட்டேன். மஞ்சள் வைத்த இடமெல்லாம் ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று தெரியாதவளா நான்? இருந்தும் போட்டேன். அலசி அலசிப் பார்த்தேன், கறை நின்றது. காய்ந்த பிறகு நாற்காலியில் மாட்டினால் பாதி முதுகுக்குக் கீழே இறங்கவில்லை. இழுத்தேன். தையல் பிரிந்தது. இன்னொன்றையும் இழுத்தேன். அதுவும் பிரிந்தது. மூன்றாவதை மாட்டவே இல்லை.

தீபாவளி அன்று மத்தியானம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். வீட்டில் மூன்று நாற்காலி வெறும் பச்சை, ஒன்று உறையோடு. உறை போட்டதை அவருக்கென்று நடுவில் வைத்திருந்தேன்.

அவர் உட்காரவில்லை. சுற்றி வந்து பார்த்தார்.

"என்னா தங்கச்சி, இதுக்கு முக்காடு போட்டு வச்சிருக்க? கால் எங்க?"

துணி ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். குனிய முட்டி விடவில்லை. துணியை விட்டுவிட்டு ஒரு வெறும் நாற்காலியிடம் போனார். முதுகைப் பிடித்து ஆட்டினார். நான்கு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீடே அவரைப் பார்த்தது. மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை.

"சிரிக்கிறவங்க இப்ப சிரிக்கலாம்" என்றார்.

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. வாய் வரை வந்தது.

"முறுக்கு எடுத்துக்குங்கண்ணே" என்றேன்.

ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.

சாப்பிட்டு, பேசி, மூன்று மணி வரைக்கும் அதே நாற்காலியில் இருந்தார். கிளம்ப எழுந்தபோது ஒட்டிய வேட்டி பர்ரென்று பிரிந்து வந்தது. கூடவே நாற்காலியும் ஒரு சாண் நகர்ந்தது. அவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். பின்னால் தடவிப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. வேட்டியில்தான் பச்சை.

"போக விட மாட்டேங்குது லா" என்றார். அவரே முதலில் சிரித்தார். பிறகு அண்ணி, பிறகு என் கணவர். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் சிரி" என்றார்.

கார் போன பிறகு நாற்காலியைப் பார்த்தேன். வேட்டியின் நெசவு சாயத்தில் அப்படியே பதிந்திருந்தது. மறுபடி உப்புத்தாள் போட வேண்டும் என்றார் கணவர். நீங்கள் போடுங்கள் என்றேன்.

இன்னும் போடவில்லை.