முதல் பரிசு வாங்கிய பைத்திய வேஷம்

எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, ஒரு காணும் பொங்கல் நாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் இளைஞர் மன்றத்தின் மாறுவேடப் போட்டி நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். வாரம் இரண்டு சினிமாவாவது பார்க்காவிட்டால் சோறு இறங்காத ரகம்.

பைத்திய வேஷம் போடுவது என்று முடிவு செய்தேன். சினிமாவில் அதற்கென்று ஒரு வாய்ப்பாடு இருந்தது. கிழிந்த சட்டை, பரட்டைத் தலை, காரணமில்லாத சிரிப்பு. கடைசி ரீலில் தலையில் அடிபட்டால் எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் போன வருடம் ஒருவன் அதையே செய்து பரிசில்லாமல் இறங்கியிருந்தான். எனக்குப் புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது. அது இரண்டு வீடு தள்ளியே கிடைத்தது.

அந்த வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார். போர்வெல் போடும் ரிக் லாரியில் வெளிமாநிலமெல்லாம் போய் வேலை பார்த்தவர். அந்தப் பொங்கலுக்கு எட்டு மாதம் முன்பு பாதி வேலையில் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை, யாரோடும் பேச்சில்லை. சில சமயம் ஜன்னலோரம் நின்று திடீரென்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார், விரல்களை மடக்குவார், வெடுக்கென்று கீழே இழுப்பார். மூன்று முறை. பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வார். "ஆகாசத்துல மணியடிக்கறாரு" என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். செய்வார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. நானும்தான் செய்தேன்.

அன்று கரண்ட் இல்லை. மேடைக்குப் பின்னால் டீசல் இன்ஜினை ஓட்டித்தான் மைக்செட் போட்டிருந்தார்கள். என் முறை வந்தது. சினிமாச் சிரிப்பு சிரித்துப் பார்த்தேன், கைதட்டல் சுமார்தான். பிறகு கையைத் தூக்கி மணியடித்தேன். மைதானமே அதிர்ந்தது. யாரைப் போலச் செய்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு முறை இழுத்தேன்.

அவர் கூட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. பின் பெஞ்சில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டென்று எழுந்து ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்ஜின நிறுத்து! இன்ஜின நிறுத்து!"

அத்தனை மாதத்தில் அவர் குரலை ஊர் கேட்டது அன்றுதான். மேடையில் ஏறி, ஒலிபெருக்கி கட்டியிருந்த மூங்கிலுக்கு அடியிலிருந்து என்னை இடுப்போடு சேர்த்து இழுத்தார். "தள்ளிக்க சாமி, தள்ளிக்க!"

இதுவும் நடிப்பில் சேர்த்தி என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் உடம்பு நடுங்குவது என் முதுகில் தெரிந்தது. இது விளையாட்டில்லை என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும், கூட்டத்தைப் பார்த்து நாக்கைத் துருத்திக் கண்ணை உருட்டினேன். முதல் பரிசு எனக்குத்தான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அவர் மனைவி வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் தெருக்குழாயில் அந்த அக்காவே என்னிடம் பேசினார்.

"ஏந்தம்பி, அவரு எதுக்கு அந்தக் கையத் தூக்கறாருன்னு ஒரு நாளாச்சும் எங்கூட்டுல வந்து கேட்டீங்களா?"

நான் அவர் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தேன்.

"ரிக்கு ஓடறப்ப பக்கத்துல நின்னு கத்துனாக்கூடக் கேக்காதுங்க. கையிலதான் பேச்சு. அது இன்ஜின நிறுத்தச் சொல்ற சைகை. மேல தொங்கற இரும்பு ராடு நழுவறதப் பாத்துட்டு இவரு கையத் தூக்கியிருக்காரு. ஓட்டறவரு அந்தப் பக்கம் பாத்துட்டு நின்னுட்டாரு. அடியில நின்ன ஆளு செத்துப் போயிட்டாருங்க. அந்தப் பையனுக்கும் உங்க வயசுதான்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சனம் இருக்கற எடத்துக்கு மெதுவாக் கூட்டிட்டுப் போகோணும்னு சேலத்து டாக்டரு சொன்னாரு. அன்னைக்குத்தான் மொதல்ல கூட்டிட்டு வந்தனுங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த முறை அவர்கள் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது துணைக்கு வருகிறேன் என்று நானாகக் கேட்டுப் போனேன். வராந்தா பெஞ்சில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தைக்கு பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்தவர் ஒருவர்கூட இல்லை.

"நல்லா வந்துட்டிருந்தாரே, பொங்கலுக்கு என்ன ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "கூட்டம் சாஸ்திங்க, சத்தம் தாங்கலீங்க" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் இப்போதைக்கு வெளியே எங்கும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதம் முழுக்க அவர் உள்ளேயே கிடந்தார். நான் சைக்கிளை வேறு தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனேன். அவர் ஜன்னலைப் பார்க்கும் யோக்கியதை எனக்கில்லை.

மறுமாதம் மறுபடியும் கூடப் போனேன். டாக்டர் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று, அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைத் துருத்தியதையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப இவர் சத்தத்துக்கு பயந்து ஓடலை. உங்களைக் காப்பாத்த ஓடி வந்திருக்கார். இது எனக்குப் போன மாசமே தெரிஞ்சிருக்கணும்." அண்ணன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "இந்தத் தம்பிய இழுத்து வெளியில விட்டுட்டீங்களா?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இழுத்துட்டனுங்க" என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். அக்காவும் அழுதார். நானும்தான்.

அவர் தேற இரண்டு வருடம் ஆனது. சினிமாவில் வருகிற அந்தக் கடைசி ரீல் வரவேயில்லை. மாத்திரை, மாதாமாதம் சேலம் பஸ், டாக்டரோடு பேச்சு, இவ்வளவுதான். என்னை எங்கே பார்த்தாலும் "சாப்பிட்டயா சாமி?" என்று கேட்பார். மன்னிப்புக் கேட்க அதற்குப் பிறகும் எனக்கு வாய் வரவில்லை. இன்றும் தியேட்டரில் யாராவது பைத்தியமாக நடித்துச் சிரிக்க வைத்தால் என்னால் திரையைப் பார்க்க முடிவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பின் வரிசையைத் திரும்பிப் பார்க்கிறேன்.