முதல் தகட்டில் இட்ட திருநாமம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதினால் ஒரு கூட்டம் கும்பிடும், ஒரு கூட்டம் சிரிக்கும். எனக்கு இரண்டுமே பயம்.

குலசேகரம் பக்கம் கேட், கிரில் செய்கிற பட்டறை எனக்கு. கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்புத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கி, ஒரு மழைக்காலத்தில் பொருத்தினோம். அய்யா வழியில் நடக்கிற குடும்பம் நாங்கள். ஓட்டிப் பார்க்கிற அன்று காலையில் என் மனைவி வெள்ளைத் திருமண்ணைக் குழைத்து, முதல் தகட்டின் மூலையில் நல்ல தடிப்பாகத் திருநாமம் இட்டாள்.

வயரிங் வேலை அவள் தம்பியின் பொறுப்பு. கல்ஃபில் இதே மாதிரி மெஷின் ஓட்டியவன், கல்யாணத்துக்காக வந்திருந்தான். நான் எட்டாவதோடு நின்றவன். அவன் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டர் தீயைக் கொளுத்தச் சொல்லும். தீ தகட்டைப் பற்றியதும் இன்னொரு வயரில் பதில் வரும். அதன்பிறகு மெஷின் கொஞ்சம் பொறுத்து, துளை அடிவரை இறங்கியபின்தான் நகரும்.

அந்தப் பதில் வரவே இல்லை. நுனியில் நீலமாகச் சீறும், அணையும். வயரை மாற்றிப் போட்டான், பழையபடி போட்டான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றியது.

"கல்ஃப்ல மெஷினு ஓட்டுனியா, இல்ல தூத்து வாரிட்டு நின்னியா?" என்று கேட்டுவிட்டேன்.

"வயரு எல்லாம் செரியாத்தான் இருக்கு அத்தான். எனக்கே ஒண்ணும் மனசிலாவல."

கடைசியில் பதில் வரும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டினான். அப்படிச் செய்தால் பதில் வந்துவிட்டதென்று நினைத்து மெஷின் பொறுக்காமல் நகர்ந்துவிடும். துளை விழுமுன் நகர்ந்தால் உருகிய இரும்பு மேலே தெறிக்கும் என்று சொன்னவனும் அவன்தான். ஒருதடவை பார்த்துவிட்டு அவிழ்த்துவிடலாம் என்றான். மெஷின் நகர்ந்தது, ஆனால் தகட்டில் தீ பற்றவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை மேசை ஓரத்தில் போட்டுவிட்டு, தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். அவன் சொல்லச் சொல்ல நான் பொத்தானை அமுக்கினேன்.

அப்போது மனைவி சாயா கொண்டுவந்தாள். கரண்ட் திரும்பிப் போவதற்காகத் தகட்டின் மூலையைக் கவ்வியிருந்த எர்த் கிளிப்பில் அவள் கண் நின்றது.

"ஏலே, திருநாமத்து மேலயா கிளிப்ப மாட்டி வச்சிருக்க? எடு மக்கா."

முனகிக்கொண்டே கிளிப்பை அடுத்த மூலைக்கு மாற்றினான். சாயாவை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்று, அமுக்குங்கள் என்று எனக்குத் தலையாட்டினான்.

இந்தத் தடவை தீ பற்றியது. பற்றின உடனே மெஷின் நகர்ந்தது. உருகிய இரும்பு ஆள் உயரத்துக்குச் சீறி, மேசை ஓரத்தில் கிடந்த துவர்த்தில் பொத்தல் பொத்தலாக விழுந்தது. சற்றுமுன் அவன் முகம் இருந்த இடம் அது.

நான் மெஷினை அணைத்தேன். அவன் துண்டு வயரை அவிழ்த்து, வயரை முதலில் இருந்தபடியே மாட்டினான். பதில் வந்தது. மெஷின் பொறுத்து நின்றது, துளை சுத்தமாக இறங்கியது. முதலில் கிளிப் கவ்வியிருந்த மூலையைப் பார்த்தோம்: தகட்டின் அடியில் துரு, மேலே காய்ந்த திருமண். கிளிப்புக்குக் கரண்ட் போக வழியே இல்லாமல் இருந்திருக்கிறது.

"அப்ப நான் இட்ட நாமந்தானா எல்லாத்தையும் கெடுத்தது?" என்றாள் மனைவி.

தம்பி துவர்த்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் மூஞ்சி அங்க இருந்த வரைக்கும் தீய பிடிக்க விடாம வச்சதும் அதுதான அக்கா" என்றான்.

நாங்கள் கும்பிடப் போகும் நிழல்தாங்கலில் இதை அற்புதம் என்று சொன்னார்கள். சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள். மண் இல்லாதிருந்தால் அவன் வயரைக் கட்டியிருக்கவே மாட்டான். மண் இருந்ததால் அவன் கண் தப்பியது. எனக்கு இன்றும் தெளியவில்லை. நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மிச்சத்தை அய்யாவிடம் நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.