கம் ஆன் என்று கூப்பிட்டவர்

குழந்தைகளே, உங்கள் பாடப் புத்தகத்தில் ‘கம் ஆன்’ என்று வருகிறதே, அதன் அர்த்தத்தை நான் ஒரு சுமைக்காரரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியபோது, குரங்கணியில் அவர் துணைக்கு வந்தார். மெலிந்த உடம்பு, தலையில் கம்பளி, அதன்மேல் அரிசி மூட்டை. நடக்கும்போது திரும்பியே பார்க்க மாட்டார்.

பாதி வழியில், பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியது.

“மஞ்சுக்குள்ள யாரையும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டேன் அப்பு. பேரு தெரிஞ்சா மஞ்சுக்குள்ள திரியுதே, அதுவும் கூப்பிடும். போன மாசம் ஒருத்தன் ‘இந்தா வர்றேன்’னு போயிப் பள்ளத்துல விழுந்தான். நான் ‘கம் ஆன்’னு சொன்னா வெரசா பின்னாடி வாங்க.”

“வான்னுதானே அர்த்தம், அண்ணே?”

“வெறும் வான்னா ‘கம்’மு போதுமே. ‘கம் ஆன்’னா நிக்காத, பயப்படாத, வந்துக்கிட்டே இருன்னு அர்த்தம். தொரைக அப்படித்தான் சொல்லுவாக. அதுக்கு இங்கிலீசு தெரியாதுல்ல!” என்று சிரித்தார்.

பனியில் அவர் முதுகு மறைந்தது. எனக்கு முன்னால் “கம் ஆன், கம் ஆன்” என்று கேட்ட அவர் குரலை நம்பியே நடந்தேன். சற்று நேரத்தில் வலப்பக்கத்துப் பள்ளத்திலிருந்து, அதே குரலில், இன்னும் கனிவாக, “கம் ஆன்” என்று கேட்டது. என் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு கை என்னைப் பிடித்து இழுத்தது. அவர்தான். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

“நீங்க கூப்பிடலையா?”

“இல்ல அப்பு. எனக்கும் கேட்டுச்சு.”

தோட்டம் வரும்வரை அவர் என் கையை விடவில்லை. அதன்பின் ‘கம் ஆன்’ என்று சொல்லவே இல்லை. மறுநாளும் அவர் யாரையாவது மலைக்குக் கூட்டிவந்திருப்பார். பனிக்குள் அவர்களை என்ன சொல்லி அழைத்தாரோ!