அண்ணனின் பெயரை எழுதியது நான்தான்

என் அம்மா திரேசம்மா குருநகரில் முப்பது வருடம் மீன் விற்றவர். போர் நடந்த 2007இல் சைக்கிளில் வெளியே போன அண்ணன் நிக்சன் திரும்பி வரவில்லை. அவனைப் பற்றி யார் கதை எடுத்தாலும் அம்மா, “கிளறாதை” என்பார். ஆறிய துயரத்தைத் தொடாதே என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன். நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கும் பெயர்ப் பட்டியலை எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்கு நான்தான் அடித்துக் கொடுப்பேன். போன வருடம் அம்மாவைக் கேட்காமல் அண்ணனின் பெயரையும் சேர்த்தேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

பூசை வைத்த சுவாமி அந்தப் பெயரை வாசித்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“அவன்ரை பேரை ஆரடா குடுத்தது?”

“நான்தான் அம்மா. செபிக்கத்தானே.”

“செத்த ஆக்களின்ரை லிஸ்ற்றிலையோ? அவன் செத்ததை நீ பாத்தனியோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறிய ஒன்றை அவர் காக்கவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையைத்தான் காத்து வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, பட்டியலில் அந்தப் பெயரை அழித்துக் காட்டினேன்.

“வாசிச்சாச்சு. இனி அழிச்சென்ன?” என்றார்.

பிறகு அவர் சந்தைக்குப் போகவில்லை. தை மாதம் இறந்துவிட்டார்.

இந்த வருடப் பட்டியலில் அம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டேன். அண்ணனின் பெயரை என்ன செய்வதென்று தெரியவில்லை.