நங்கையா கொல்லிமலைக்கு வண்டி ஓட்டிய நாள்

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் நாத்தனாருக்கு அதுதான் மரியாதை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டமும் சின்னதாக ஒரு கோழிப்பண்ணையும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் கார் ஓட்டப் பழகினார். அதற்குக் காரணம் அண்ணா, அதாவது அவருடைய கணவர். லாரியில் வடக்கே நாக்பூர், ஜம்மு என்று பாதி வாழ்க்கையை ஓட்டியவர். சர்க்கரை நோய் அவர் கண்ணில் இறங்கிவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. பண்ணைக்கென்று வாங்கிய பழைய கார் வாசலில் தூசி படிந்து நின்றது. ஒரு நாள் நங்கையா அதைத் துடைத்து, நாமக்கல்லில் டிரைவிங் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நங்கையா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் அண்ணா.

"கொல்லிமலைக்குப் போறோம், வாரயா கண்ணு?" என்றார், கடைக்குக் கூப்பிடுவதுபோல.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "ஏறு அம்மணி. நானே தைரியமா உக்காந்திருக்கறேன்."

அந்த மலையை நங்கையா பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றால் வடக்கே நீலமாகப் படுத்திருக்கும். ஆனால் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கோழிக்குத் தீனி, முட்டை எடுப்பு, மாடு, பிள்ளைகள் என்று நாள் போய்விட்டது.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி வரைக்கும் சாலை நேராகப் போனது. அங்கிருந்து மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. முதல் சில வளைவுகளில் நான் முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். அண்ணா பேசவே இல்லை. அத்தனை வருடம் லாரி ஓட்டிய மனிதர், பக்கத்தில் புதிதாக ஓட்டுகிற பெண்டாட்டி. கியரை மாற்று, ஹாரன் அடி என்று ஒரு வார்த்தை வரவில்லை. எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாதி மலைக்கு மேல் ஒரு வளைவில் மேலிருந்து பேருந்து வந்தது. அதன் பின்னால் வரிசையாகக் கார்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். ஆனால் பேருந்து பின்னால் நகர இடமே இல்லை. நாங்கள்தான் இறக்கத்தில் ரிவர்ஸ் எடுத்து, கீழே அகலமாக இருந்த இடத்தில் ஒதுங்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வெறும் காற்று.

கண்டக்டர் இறங்கி வந்து அண்ணா பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணா, நீங்க உக்காந்து எடுத்துக் குடுத்துருங்க. அக்காவால ஆகாது."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க தம்பி," என்றார் அண்ணா. "அவ எடுப்பா."

கண்டக்டர் குனிந்து, காருக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

நங்கையா ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மணி, எறங்கிப் பின்னாடி நின்னு பாத்துச் சொல்லு. சொவத்துக்கிட்ட வந்தா சத்தம் போடு."

இறங்கி நின்றேன். கார் ஊர்ந்து ஊர்ந்து பின்னால் வந்தது, நின்றது, ஸ்டியரிங் திரும்பியது, மறுபடி ஊர்ந்தது. கண்டக்டரும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "வரட்டும், வரட்டும்" என்று விசில் கொடுத்தார். சுவருக்கும் டயருக்கும் ஒரு சாண் இருக்கும்போது நான் கத்துவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. பேருந்து மெதுவாக உரசாமல் கடந்தது. கண்டக்டர் படியில் தொற்றிக்கொண்டே, "வாரேனுங்க அக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டில் கேலி இல்லை.

மேலே போனதும் காற்றே வேறாக இருந்தது. மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், பலா மரங்கள், ஈர மண் வாசனை. சீக்குப்பாறை காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, நங்கையா அண்ணாவின் கையைப் பிடித்துக் கம்பி வரைக்கும் கூட்டிப் போனார்.

"என்ன தெரியுது?" என்றார் அண்ணா.

"காடு, தோட்டமெல்லாம் கட்டம் கட்டமா இருக்குதுங்க. ஒரு ஏரி தகரமாட்ட மின்னுது. கோழிப்பண்ணைக் கூரையெல்லாம் வெள்ளை வெள்ளையா, சீப்பு வெச்சாப்பல."

"ரோடு?"

"கோடு கிழிச்சாப்பல போகுதுங்க. அதுல ஒரு லாரி போகுது. எறும்பாட்ட."

"லோடு வண்டியா, காலி வண்டியா?"

நங்கையா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மெதுவாத்தான் போகுது. லோடாத்தான் இருக்கும்." அண்ணா தலையாட்டினார். இத்தனை காலம் ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்லுவார், இவர் கேட்பார். அன்றைக்கு அது மாறியிருந்ததை நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆகாயகங்கை. அண்ணா அறப்பளீஸ்வரர் கோயிலிலேயே இருந்துகொண்டார். அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. நங்கையாவுக்கு முழங்கால் வலி உண்டு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி, குழந்தைபோல ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கிவிட்டார். கீழே போய் நிமிர்ந்து பார்த்தால் வானத்திலிருந்தே கொட்டுவதுபோலத் தண்ணீர். பக்கத்தில் போகும் முன்பே சாரல் எங்களை நனைத்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் உள்ளே போனார். தண்ணீர் தோளில் கல்லாக விழுந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, கையிரண்டையும் விரித்து நின்றார். எத்தனை நேரம் நின்றாரோ, நான் கூப்பிடவில்லை.

திரும்ப ஏறியதுதான் பெரும்பாடு. உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எழுந்து, மறுபடி உட்கார்ந்து வந்தோம். ஒரு இடத்தில் மிளகாய்த்தூள் தடவிய அன்னாசித் துண்டு வாங்கித் தின்றோம். அதைப்போல ருசியான பழத்தை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

வெயில் சாயும் முன் இறங்கிவிட்டோம். இரண்டாவது கியரை மாற்றாமல் அத்தனை வளைவிலும் வண்டியை இறக்கினார். காரவள்ளியில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். டீ கிளாஸை வாங்கும்போதுதான் கவனித்தேன். அவர் விரல்கள் நிமிரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. டீ சேலையில் சிந்தியது.

"பயமா இருந்துச்சுங்களா நங்கையா?" என்றேன்.

"இல்லாம என்ன? அந்த பஸ்ஸுக்காரன் முன்னாடி உசுரே போயிருச்சு."

அண்ணா கையை நீட்டித் தடவி அவர் விரல்களைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து, மெதுவாக நீவி நிமிர்த்திவிடத் தொடங்கினார். நங்கையா மறு கையால் மிச்ச டீயைக் குடித்தார்.