சாரலில் கொதித்த மகிழுந்து

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே ஒரு மகிழுந்து கொதித்துப்போன கதை என்று தொடங்குவேன், கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அதில் என் பங்கை விட்டுவிட்டே சொன்னேன். அகவை எண்பதை நெருங்கும் இவ்வேளையில், விட்டதையும் சேர்த்து எழுதிவைப்பதே முறை என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் தென்காசியில் தமிழாசிரியராகப் பணியாற்றினேன், குடியிருப்பு கடையத்தில். என் தம்பி திருமணமான நான்காம் மாதமே வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். அவன் மனைவி எங்களோடு இருந்தாள். அந்நாளில் அங்குச் சென்றவர்கள் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். அவ்வாறு தம்பியும் ஓர் ஒலிநாடாவையும், அதைக் கேட்பதற்கு வாக்மேன் எனப்பட்ட கையடக்கக் கருவியையும் அனுப்பியிருந்தான்.

குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் இரண்டையும் என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. கேட்க விரும்புவோர் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். தம்பி மனைவி இருமுறை வாங்கிக் கேட்டாள். மூன்றாம் முறை வரவில்லை.

நாடாவின் முதற்பக்கத்தில் தம்பி எல்லாரையும் நலம் வினவி, இடையிடையே பாடல்களும் பாடியிருந்தான். அவனுக்கு நல்ல குரல். ஆனால் கருவியின் கேட்பொறியைக் காதில் மாட்டிவிட்டதும் என் தாயார், "காதுக்குள்ள வண்டு பூந்தாப்ல இருக்கு, எடுலே" என்று கழற்றிவிட்டார்கள். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று தம்பி மனைவியிடம் கேட்டேன். அடுக்களை வாயிலில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல அத்தான்" என்றாள்.

நான் அதை அப்படியே கொண்டேன். அப்போது மன்றம் ஒன்றில் 'இல்லறத்தின் மாண்பு' எனும் பொருளில் உரையாற்ற இசைந்திருந்தேன். ஒத்திகை பார்க்கும் விருப்பால், நண்பர் ஒருவரின் பதிவுக்கருவியில் அந்நாடாவின் மறுபக்கத்தை இட்டு, பத்து நிமிட அளவுக்கு என் உரையைப் பதிந்தேன். பதியுமுன் சிறிது ஓடவிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆடித் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று குற்றாலத்துக்குப் புறப்பட்டோம். தாயாரும் என் மனைவியும் தம்பி மனைவியும் பின்னிருக்கையில், நான் முன்னே. வாடகை அம்பாசிடரின் ஓட்டுநர் ஐம்பதை ஒட்டிய வயதினர். வண்டியில் ஒலிபெருக்கிகள் இருந்தன; ஆனால் நாடா இடும் வாயில் அடைபட்டு, அருகில் ஒரு கம்பி மட்டும் தொங்கியது. என்னவென்று வினவினேன்.

"இந்தப் பெட்டி கேசட்டெல்லாம் தின்னுருது சார்வாள். ரேடியோக்கடைக்காரரு வயர் போட்டுக் குடுத்துட்டாரு. வாக்மேன் வச்சிருக்கவுக வந்தா அதுல சொருகிப் பாட்டுக் கேக்கலாம். இல்லேன்னா நான் பாடணும். அதுக்கு யாரும் சம்மதிக்க மாட்டேங்காங்க."

என் உரையை மீண்டும் கேட்கும் பொருட்டு வாக்மேனை உடன் எடுத்து வந்திருந்தேன். ஓட்டுநர் கம்பியைச் செருகி, வண்டிப்பெட்டியின் குமிழைத் திருகினார். தம்பியின் பாட்டு பின்புறப் பெருக்கிகளிலிருந்து எழுந்தது. தாயார் சட்டெனத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்புள்ள பொறத்தால உக்காந்துல்லா பாடுதான்."

தென்காசிக்கு முன்னுள்ள இருப்புப்பாதைக் கடவு மூடியிருந்தது. அங்கே நின்றபோது முதற்பக்கம் முடிந்தது. நாடாவைப் புரட்டினேன்.

"அந்தப் பக்கம் வேண்டாம் அத்தான்" என்றாள் தம்பி மனைவி. அவள் குரல் அவ்வளவு விரைவாக வந்து நான் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்லன்னு நீதான சொன்ன? என் பேச்சைத்தான் அதுல பதிஞ்சு வச்சிருக்கேன்."

"அப்ப ஐந்தருவி வார வரைக்கும் வகுப்புதான்" என்றாள் என் மனைவி. நான் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் உரையில் ஆழ்ந்திருந்தேன்.

மேலகரம் தாண்டியபோது உரை முடிந்தது. 'கடக்' என்று ஓர் ஒலி. அடுத்த நொடி தம்பியின் குரல், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து, வண்டி நிறைய வந்தது. அது மனைவியிடம் பேசும் குரல். அவளை அவன் எவ்வாறு அழைப்பான் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். அப்பெயரையும் பின்வந்த சொற்களையும் இங்கே எழுதேன்.

"இவன் யாருகிட்டப் பேசுதான்?" என்றார்கள் தாயார்.

"என்னங்க, அத நிப்பாட்டுங்க" என்றாள் என் மனைவி.

மடியிலிருந்த கருவியில் நிறுத்தும் விசை எதுவென்று என் விரலுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சக்கரத்தைத் தள்ளினேன், ஒலி மிகுந்தது. ஓட்டுநர் ஒரு கையை நீட்டி, வண்டிப்பெட்டியின் குமிழை முற்றும் திருகி ஒலியை அடக்கினார். வண்டியை ஓரங்கட்டினார்.

"தண்ணி கொதிக்கு. கொஞ்சம் எறங்கணும். ஆச்சி, அந்தா அங்கன கடையில சுக்குக்காப்பி நல்லாருக்கும்."

"சாரல்ல வண்டி எப்பிடிய்யா கொதிக்கும்?"

"பழைய வண்டி ஆச்சி. அதுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது."

என் மனைவி குடையை விரித்துத் தாயாரை அழைத்துச் சென்றாள். தம்பி மனைவியும் இறங்க முற்பட்டாள். "நீங்க இருங்கம்மா, நனையாண்டாம்" என்ற ஓட்டுநர், என் மடியிலிருந்த வாக்மேனை எடுத்து, கம்பி எட்டும் அளவுக்குப் பின்னே நீட்டி அவள் கையில் கொடுத்தார். "சத்தம் வேணும்னா இந்தக் குமிழை லேசா வலப்பக்கம் திருப்புங்க" என்று காட்டிவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இறங்கினார். முன்மூடியை உயர்த்தினார். அது முன்கண்ணாடியை முழுதும் மறைத்தது.

நான் அருகே சென்று பார்த்தேன். ஆவி இல்லை, கொதிப்பும் இல்லை. ஓட்டுநர் ஒரு துணியால் காய்ந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்வாள், நீங்களும் போய் ஒரு காப்பி குடிங்க" என்றார், என் முகத்தைப் பாராமல்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. மறுபக்கத்தில் இருந்தது அவளுக்கு மட்டுமே உரியது. அதில் பத்து நிமிடத்தை நான் அழித்துவிட்டேன். எஞ்சியதையும் எல்லார் காதிலும் விழச் செய்தேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். கால் மணிக்கும் மேலாக அம்மனிதர் சாரலில் நனைந்தபடி, வண்டிக்குள் நோக்காமல் நின்றிருந்தார்.

நாங்கள் திரும்பியபோது வாக்மேன் அவள் மடியில் நின்றுபோயிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. "வண்டி சரியாயிட்டா அண்ணாச்சி?" என்று அவளே கேட்டாள். "ஆயிட்டும்மா" என்றார் அவர்.

ஐந்தருவியில் மற்றவர்கள் குளிக்கச் சென்ற நேரத்தில் அவளிடம், "ஒண்ணுமில்லன்னு ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன். அப்போதும் குற்றத்தில் பாதியை அவள்மேல் ஏற்றப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"உங்ககிட்ட வேற என்னன்னு அத்தான் சொல்லுவேன்?"

மறுபடியும் பேசி அனுப்புமாறு தம்பிக்கு எழுதுவதாகச் சொன்னேன்.

"வேண்டாம் அத்தான். எழுதினா, நீங்க அழிச்சது அவுகளுக்குத் தெரிஞ்சிரும்லா."

வாக்மேனை அவளிடமிருந்து நான் திரும்ப வாங்கவில்லை. மன்றத்தில் ஆற்றவிருந்த உரைக்கு வேறு பொருளைக் கேட்டுப் பெற்றேன். அந்நாடா இன்றும் அவளிடம் இருக்கிறது. அதை ஓடவிட்டால் முதலில் என் குரல்தான் கேட்கும். அதைக் கடந்தே அவள் தன் கணவன் குரலை அடைய வேண்டும். அவ்வோட்டுநரிடம் ஒரு நன்றிச்சொல்லும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டி கொதிக்கவில்லை என்பதை இருவரும் ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கும்.

இதைத் தம்பி மனைவியிடம் கேட்டு, அவள் இசைந்த பின்னரே எழுதினேன். நினைவிலிருந்து எழுதியதாகலின் நின்ற இடம், சென்ற நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றில் பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. தம்பியும் இதைப் படிப்பான். அவன் திருத்தத்தையே முதலில் ஏற்பேன். நான் அழித்த அப்பத்து நிமிடத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் அவன் எனக்கு எழுத வேண்டா.